ரெட்டினா ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை எவ்வளவு வரும்? ஒரு தையல்காரியின் கணக்கு

ரெட்டினா விலகி ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பழையபடி பார்வை வருமா?" டாக்டர்கள் பெரும்பாலும் "பார்க்கலாம்மா, போகப் போகத் தெரியும்" என்பார்கள். கேட்கும்போது மழுப்புகிற மாதிரி இருக்கும். ஆனால் அதைவிட நேர்மையான பதிலை அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. குறை என்னவென்றால், "போகப் போக" என்றால் எத்தனை மாதம், அதற்குள் எதெல்லாம் மாறும், எது அப்படியே நிற்கும், எதைப் பார்த்தால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே கண்ணாடிதான், இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. ஐம்பதைத் தாண்டிய பிறகு வலது கண்ணில் ரெட்டினா விலகி மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ரெட்டினா ஒட்டும்வரை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் சிலிக்கான் ஆயில் வைத்தார்கள். சிலருக்கு இதே வேலைக்குக் கேஸ் வைப்பார்கள். சில மாதம் கழித்து அதை எடுத்தார்கள். அப்புறம் புரை வந்து லென்ஸும் வைத்தாகிவிட்டது. இப்போதும் அதே கடை, அதே மெஷின். நான் சொல்வதை வைத்து உங்கள் மருந்தை மாற்றாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிவிட்டது வேறு, தெரிகிறது வேறு

ரெட்டினா என்பது கண்ணின் உள்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம். லைனிங் வைத்த பிளவுஸை நினைத்துக்கொள்ளுங்கள். லைனிங்கில் ஓர் ஓட்டை விழுந்து அது வழியாகத் தண்ணீர் புகுந்து இரண்டு துணிக்கும் நடுவே தேங்கினால், லைனிங் உப்பிக்கொண்டு விலகும். கண்ணுக்குள் நடப்பதும் அதுதான். ஒளியை உணரும் செல்களுக்கு ஆக்சிஜனும் சத்தும் பின்பக்கத்து ரத்தக்குழாய்களிலிருந்து வருகின்றன. படலம் விலகி நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் செல்கள் பட்டினி.

ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தால்தான் ரெட்டினா ஒட்டும் என்று செய்து காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனின். 1920களில்தான் இது உலகத்துக்குத் தெரிய வந்தது. அதற்கு முன்னால் ரெட்டினா விலகினால் அந்தக் கண் அநேகமாகப் போனதுதான். இன்றைக்குப் பத்தில் எட்டு, ஒன்பது கண்களில் முதல் ஆபரேஷனிலேயே ஒட்டிவிடுகிறது. மற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷனில் சரியாகிறது.

ஆனால் "நல்லா ஒட்டியிருக்கு" என்று டாக்டர் சொல்வதும் "எனக்குத் தெரிகிறது" என்று நாம் சொல்வதும் வேறு வேறு. பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்: ஆபரேஷனுக்கு முன்னால் மாக்குலா விலகியிருந்ததா, இல்லையா. மாக்குலா என்பது ரெட்டினாவின் நடுப்பகுதி. படிக்க, ஆள் முகம் பார்க்க, ஊசியில் நூல் கோர்க்க எல்லாவற்றுக்கும் அதுதான். அது ஒட்டியிருக்கும்போதே ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் பழைய பார்வைக்குப் பக்கத்தில் வந்துவிடும். விலகிய பிறகு ஆனவர்களுக்கு, எத்தனை நாள் விலகியிருந்தது என்பதைப் பொறுத்தது. முதல் மூன்று நாட்களுக்குள் ஆனால் நல்லது, ஒரு வாரத்தைத் தாண்டினால் கிடைப்பது குறையும்.

ஆகவே முதல் வேலை, டிஸ்சார்ஜ் தாளை எடுத்து வையுங்கள். அதில் மாக்குலா ஆன் (ஒட்டியிருந்தது) என்று இருக்கிறதா, ஆஃப் (விலகியிருந்தது) என்று இருக்கிறதா, உள்ளே வைத்தது கேஸா ஆயிலா, என்ன கேஸ், வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கக் கண்ணைச் சுற்றி பெல்ட் என்ற பட்டை போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, புரியாவிட்டால் அடுத்த செக்கப்பில் கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருடங்கள் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் புரை ஆபரேஷன் செய்யும்போது இந்தத் தாள் வேண்டும். எனக்கு ஆஃப். எதிர்பார்ப்பை அங்கேயே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டேன். அது நல்லதாகவே போயிற்று.

கேஸ், ஆயில், அந்த முதல் சில மாதங்கள்

ஆபரேஷன் ஆன முதல் சில மாதங்களில் தெரிகிற பார்வையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கேஸ் வைத்தவர்களுக்கு முதலில் வெறும் மங்கல்தான், கை அசைவுதான் தெரியும். அப்புறம் கேஸ் கரையக் கரைய மேலேயிருந்து பார்வை திறந்து, நடுவில் ஒரு நீர்மட்டக் கோடு ஆடும். அந்தக் கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் அடியில் ஒரு குமிழாக உருண்டு காணாமல் போகும். கேஸ் உண்மையில் கண்ணுக்குள் மேலேதான் மிதக்கிறது. ரெட்டினாவில் பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே தெரிகிறது. எஸ்எஃப்6 என்ற கேஸ் ஏறக்குறைய இரண்டு வாரம் நிற்கும், சி3எஃப்8 ஆறிலிருந்து எட்டு வாரம்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்குக் கேஸ். வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் கொடைக்கானலில் சொந்தக்காரர் கல்யாணம் என்று புறப்படப் பார்த்தார். நல்லவேளையாக, கண்ணில் கேஸ் இருக்கிறது என்று எச்சரித்து ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பட்டையை மகன் படித்திருக்கிறான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் விரியும், கண் அழுத்தம் எகிறும், பார்வை நரம்பே போய்விடலாம். விமானமும் அப்படித்தான். வேறு ஏதாவது ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும் கண்ணில் கேஸ் இருப்பதை முதலில் சொல்லுங்கள், நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் இதே ஆபத்து. கேஸ் முழுசாகப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லும்வரை மலைக்குப் போகாதீர்கள். ஆயில் வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆயிலுக்கு வேறு குணம். தானாகக் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேதி கொடுப்பார்கள். வலி இல்லை, ஏதோ தெரிகிறது என்று அந்தத் தேதியை இழுத்தடிக்காதீர்கள். நாளாக நாளாக ஆயில் பொடிப்பொடித் துளிகளாக உடையும், அழுத்தம் ஏறும், கருவிழியும் கெடலாம். மீண்டும் விலகும் ஆபத்து அதிகமுள்ள சில கண்களில் டாக்டரே ஆயிலை விட்டுவைப்பார். அது அவர் எடுக்கும் முடிவு.

ஆயில் இருக்கும்போது கண்ணின் பவரே மாறிவிடும். ஏறக்குறைய 5 அளவுக்குப் பிளஸ் பக்கம் நகரும். மைனஸ் 6 இருந்த எனக்கு அந்த மாதங்களில் வலது கண்ணில் மைனஸ் கிட்டத்தட்ட காணாமலே போனது. கண்ணாடி இல்லாமல் எதிர்க்கடை போர்டு மங்கலாக வாசிக்க வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆயிலை எடுத்ததும் மைனஸ் திரும்பி வந்துவிட்டது. இதனால்தான் சொல்கிறேன், ஆயில் இருக்கும்போது விலை உயர்ந்த கண்ணாடி போடாதீர்கள். அவசியமென்றால் மலிவான ஃபிரேமில் தற்காலிகமாக ஒன்று போதும். பெல்ட் போட்டவர்களுக்கு நேர்மாறு: பெல்ட் கண்ணை இறுக்கி நீளமாக்குவதால் மைனஸ் 2, 3 வரை கூடலாம், சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியலாம். அதற்கும் பவர் நிலைத்த பிறகுதான் கண்ணாடி.

நோட்டுப் போட்டு அளப்பது

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் 6/24 என்று போட்டிருந்தால், சராசரி கண் 24 மீட்டரில் படிக்கும் எழுத்தை உங்கள் கண் 6 மீட்டரில் படிக்கிறது என்று அர்த்தம். அந்த எண் முக்கியம்தான். ஆனால் விளக்குப் போட்ட போர்டில் கன்னங்கரேலென்று இருக்கும் எழுத்தைப் படிப்பது மட்டும்தானா நம் வேலை? சாம்பல் நிறப் பட்டில் கறுப்பு நூல் ஓடுகிறதா, கோடு நேராக இருக்கிறதா, எழுத்தின் அளவு சரியாகத் தெரிகிறதா என்று அந்த எண் சொல்லாது. அதனால் வீட்டிலேயே ஒரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

டாக்டரிடம் கேட்டால் ஆம்ஸ்லர் அட்டை தருவார்கள். கட்டம் போட்ட தாள், நடுவில் ஒரு புள்ளி. அதை உருவாக்கிய மார்க் ஆம்ஸ்லர், மேலே சொன்ன கோனினின் மாணவர்தான். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கோடு வளைகிறதா, கட்டம் எங்காவது அழிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

எனக்கு அதைவிட இஞ்ச் டேப் வசதியாக இருக்கிறது. கறுப்புத் துணி ஒன்றைச் சுவரில் மாட்டி, அதன் மேல் வெள்ளை டேப்பை நேராகத் தொங்கவிடுவேன். எப்போதும் ஒரே ஸ்டூல், ஒரே டியூப்லைட், ஒரே தூரம். இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு 20 என்ற எண்ணைப் பார்ப்பேன். ஆரம்பத்தில் 19க்கும் 21க்கும் நடுவில் டேப்பின் ஓரம் இடப்பக்கம் குழிந்து, கால் இஞ்ச் கோடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். மேலேயும் கீழேயும் டேப் நேராகத்தான் இருக்கும். அடுத்து கையை மாற்றி மாற்றி வைத்து இரண்டு கண்ணாலும் அதே எண்ணைப் பார்ப்பேன். வலது கண்ணில் 20 சற்றே சின்னதாகத் தெரியும். மாக்குலா விலகி ஒட்டிய கண்களில் இந்த இரண்டும் சகஜம், கோடு வளைவதும் உருவம் சிறுத்துத் தெரிவதும். ஒட்டிய படலம் பழைய இடத்தில் மயிரிழை பிசகாமல் உட்காராததுதான் காரணம்.

அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி, எந்தக் கண், எந்தக் கண்ணாடி, வளைவு எங்கே, எவ்வளவு என்று படமாகவே கிறுக்கி வைப்பேன். மாதத்துக்கு ஒரு முறை போதும். தினமும் பார்த்தால் மனக்கவலைதான் மிஞ்சும், வித்தியாசம் கண்ணுக்குப் படாது. பக்கங்களைப் புரட்டினால்தான் அந்தக் குழி மெல்ல மெல்ல ஆழம் குறைந்து வந்திருப்பது தெரிகிறது. முற்றிலும் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் மூளை இடது கண் சொல்வதை அதிகம் எடுத்துக்கொள்கிறது, அதனால் வேலை ஓடுகிறது.

பொதுவாக, முதல் மூன்று மாதத்தில் பார்வை வேகமாகக் கூடும். அதன் பிறகு ஒரு வருடம் வரை நிதானமாக. மாக்குலா விலகிய சிலருக்கு அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதுண்டு. ஆனால் கூடிக்கொண்டே வந்தது நின்று இறங்க ஆரம்பித்தால், அல்லது வளைவு அதிகமானால், காரணம் இருக்கும். மாக்குலா மேல் மெல்லிய சவ்வு வளர்ந்திருக்கலாம், மாக்குலாவில் நீர் கோத்திருக்கலாம். ரெட்டினாவை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. என் நோட்டைப் பார்த்து ஒரு ஜூனியர் டாக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

புரை வரும், தயாராக இருங்கள்

கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துச் செய்கிற விட்ரெக்டமி ஆபரேஷன் ஆனவர்களில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் புரை வருவது அநேகமாக உறுதி. யாரும் தவறு செய்ததால் வருவதில்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாதவர்கள்தான் "வந்த பார்வையும் போயிடுச்சே" என்று பயந்து போகிறார்கள்.

எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது நூல்தான். வெள்ளை நூல் எது, க்ரீம் நூல் எது என்று வலது கண்ணால் பிரிக்க முடியவில்லை, இரண்டும் பழுப்பாக இருந்தது. கூடவே மைனஸ் ஏறிக்கொண்டே போனது. இந்த மாதிரி மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் மங்கினால் பெரும்பாலும் புரை. அந்த ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று கடை ஷெல்ஃபில் நீல நூல்கண்டுகள் அப்படி ஒரு நீலமாக இருந்தன.

புரை ஆபரேஷனுக்கு முன் ஒன்றைக் கட்டாயம் பேசுங்கள்: எந்தத் தூரத்துக்கு லென்ஸ் வைக்கப்போகிறார்கள்? பெரும்பாலும் தூரப்பார்வைக்குப் பவர் பூஜ்யமாக வரும்படி வைப்பார்கள். மற்றக் கண் மைனஸ் 6 என்றால் இரண்டுக்கும் 6 வித்தியாசம் வந்துவிடும். கண்ணாடி போட்டால் இரு கண்ணிலும் உருவங்கள் வேறு வேறு அளவில் தெரிந்து தலை சுற்றும். ஏற்கெனவே சிறுத்துத் தெரிகிற கண்ணுக்கு இது வேறு தேவையா? நான் கிட்டப் பார்க்கிற வேலைக்காரி என்று சொன்னேன். மைனஸ் 3 வருகிற மாதிரி லென்ஸ் வைத்தார்கள். கண்ணாடியைக் கழற்றினால் 33 செ.மீ. தூரம், அதாவது என் ஊசி இருக்கும் தூரம், தெளிவாக இருக்கிறது. உங்கள் வேலை டிரைவிங் என்றால் கணக்கு வேறு, மற்றக் கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ் ஒரு வழி. ஆயில் உள்ளே இருக்கும்போதே லென்ஸ் அளவு எடுப்பதாக இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். ஆயிலில் ஒலி மெதுவாகப் போவதால் பழைய அல்ட்ராசவுண்ட் அளவில் கண் நிஜத்தைவிட நீளமாகக் காட்டும்.

சொட்டு மருந்தில் விளையாட்டு வேண்டாம்

ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்வார்கள். அந்த அட்டவணைப்படி நிறுத்துங்கள். கண் சிவந்தால் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஸ்டீராய்டால் சிலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், அதிக மைனஸ் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ரெட்டினா நன்றாக ஒட்டிய கண் பிரஷரில் போனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷர் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள், 10க்கும் 21க்கும் இடையில் இருப்பது வழக்கம். நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

அன்றைக்கே கிளம்ப வேண்டியவை

புதிதாக மின்னல் வெட்டுவது, திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டுவது, ஓரத்திலிருந்து திரை மறைத்துக்கொண்டு வருவது. கண் வலியோடு வாந்தி. கண் சிவந்து சீழோடு பார்வை மடமடவென்று குறைவது. இதில் எது வந்தாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் போங்கள். முதல் மூன்று மாதத்தில் ரெட்டினா மேல் தழும்பு வளர்ந்து மீண்டும் இழுத்துவிடுவது சிலருக்கு நடக்கும், அதனால் அந்தக் காலத்தில் செக்கப்பைத் தவறவிடக் கூடாது. ஆயில் எடுத்த பிறகான வாரங்களும் அப்படித்தான். நெடுநாளாகக் கண்முன் பூச்சி மாதிரி மிதக்கும் ஒன்றிரண்டு புள்ளிகள், ஆயில் எடுத்த பிறகு கீழே உருளும் சின்னக் குமிழ் துளிகள், இவை தொந்தரவு, அவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்புவது

ஒரு கண் மங்கலாக இருந்தால் முதலில் அடிபடுவது ஆழம் பார்க்கும் திறன். டம்ளருக்கு வெளியே காபி ஊற்றுவோம், கடைசிப் படி இல்லாத இடத்தில் காலை வைப்போம். ஊற்றும் பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றுங்கள். படி ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்தால் காது தெரியும், அதுவும் முடியாவிட்டால் பத்து ரூபாய் நூல் கோர்ப்பான் இருக்கிறது, அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. கறுப்புத் துணியைப் பகல் வெளிச்சத்துக்கு ஒதுக்குகிறேன். வண்டி ஓட்டுவதை மட்டும் டாக்டர் சொன்ன பிறகு, தெரிந்த தெருவில், பகலில் ஆரம்பியுங்கள். ஆபரேஷன் ஆன பக்கத்திலிருந்து வருகிற ஆட்டோவைக் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தையல் மெஷினில் ஊசி உடைந்து தெறிப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். அதனால் என் கண்ணாடி இப்போது பாலிகார்பனேட், எளிதில் உடையாத பிளாஸ்டிக். வெல்டிங், மரவேலை, கிரிக்கெட் என்று எதில் இருந்தாலும் நல்ல கண்ணைக் காப்பாற்ற இது அவசியம்.

அந்த நல்ல கண்ணையும் கவனியுங்கள். ஒரு கண்ணில் ரெட்டினா விலகியவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மற்றதிலும் விலகக்கூடும். சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்து, மெலிந்த இடமோ ஓட்டையோ இருந்து தேவைப்பட்டால் லேசர் போட்டுவிடுவார்கள். எனக்கு இடது கண்ணில் போட்டிருக்கிறது. மைனஸ் அதிகமுள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். லேசிக் செய்து கண்ணாடியை விட்டவர்களும் இதில் சேர்த்திதான், கருவிழியைச் செதுக்கினாலும் கண்ணின் நீளம் மாறாது.

வருட செக்கப்புக்குப் போகும் நாளில் வண்டி எடுக்காதீர்கள், கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள், நோட்டை மறக்காதீர்கள். விரித்த கண் சாயங்காலம் வரை கூசும். அன்றைக்கு டெலிவரி எதையும் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது, முகூர்த்த மாதமாக இருந்தாலும்.